ஆஸ்பத்திரிக்குச் சொல்லாத துட்டி

தார்ப்பாய் மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும். மற்றவர் எதிர்முனைகளைத் தூக்கிக்கொண்டு அவரை நோக்கி நடந்து வர வேண்டும். இடையில் கடல்காற்று புகுந்தால் பாய் வயிறு உப்பி ஆளையே இழுத்துக்கொண்டு போய்விடும்.

தீபாவளி கழிந்த ஞாயிற்றுக்கிழமை, தூத்துக்குடி துறைமுகச் சாலையில் தன் கடைக்குப் பின்னால் இருந்த காலி மனையில், சங்கரபாண்டியனும் அவர் மகள் பானுப்ரியாவும் உப்பு லாரித் தார்ப்பாய் ஒன்றை மடித்தார்கள். கடையில் வேலை பார்ப்பவர் பண்டிகைக்கு ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. மழை இறங்குவதற்குள் லாரிக்காரர்கள் வந்து நிற்பார்கள்.

"இழுத்துப் பிடிளா. சேலை மடிக்கிற மாதிரில்லா பிடிக்க."

"நீங்க நில்லுங்கப்பா. நான் நடந்து வாரேன்."

"ஏன், எனக்குக் காலா இல்ல? கிட்னிதான ஒண்ணு குறையுது."

அவரே நடந்து வந்தார். பாதி வழியில் நின்று இருமினார். பாயின் ஓரங்களில் ஒட்டியிருந்த உப்புத் தூள் காற்றில் எழும்பியிருந்தது. பானுவும் தும்மினாள். "உப்புத் தூசி," என்றார் அவர். அவளும் அப்படித்தான் நினைத்தாள். மடித்து முடித்ததும் உள்ளே இருக்கிற காற்று வெளியேற இருவரும் அதன் மேல் ஏறி உட்கார்ந்து டீ குடித்தார்கள். வடை ஆறிவிட்டது என்று டீக்கடைக்காரரைத் திட்டிக்கொண்டே அவர் அவளுடைய வடையையும் தின்றார்.

அதன் பிறகு அவர்கள் சேர்ந்து எந்த வேலையும் செய்யவில்லை.

அவருடைய கடையில் தார்ப்பாய் விற்பனையும் உண்டு, வாடகையும் உண்டு, கிழிசல் ஒட்டுவதும் உண்டு. ஆனால் சொந்தக்காரர்கள் அவரைக் கடையை வைத்து அடையாளம் சொல்வதில்லை. ஒருவர் இறந்துபோனால் அந்தச் செய்தியை உறவு வீடுகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதைத் துட்டி சொல்வது என்பார்கள். அவர்கள் வகையறாவில் துட்டி சொல்லும் ஆள் சங்கரபாண்டியன். யாரும் நியமிக்கவில்லை. இளவயதில் பைக் வைத்திருந்த ஒரே ஆள் அவர் என்பதால் தொடங்கியது. பிறகு எல்லாரிடமும் பைக் வந்தது, போன் வந்தது, வாட்ஸப் வந்தது. ஆனாலும் நெருங்கிய வீடுகளுக்கு அவர்தான் போனார்.

அதற்கு அவர் சில முறைகள் வைத்திருந்தார். பைக்கைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்துதான் போவார். வாசலில் நின்று சொல்ல மாட்டார். வீட்டுக்காரர் உட்கார்ந்த பிறகுதான் சொல்வார். சாப்பிட்டுக்கொண்டிருந்தால் கை கழுவும்வரை காத்திருப்பார். சொல்லப் போன வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டார். போனில் சொல்லவே மாட்டார். "போன்ல சொன்னா அந்தால கீழ விழுந்தாப் பிடிக்க யார் இருக்கா?" என்பார்.

ஒருமுறை விளாத்திகுளத்தில் தாய்மாமன் வீட்டுக்குப் போனபோது மாமன் கறிச்சோற்றில் உட்கார்ந்திருந்தார். இவர் வெளியே நின்று டயரில் காற்று பார்ப்பதுபோல் பார்த்தார். தன் பைக்கைத் தெருமுனையில் விட்டிருந்ததால் அது பக்கத்து வீட்டுக்காரன் பைக். மாமன் எட்டிப் பார்த்துவிட்டார்.

"ஏலே, உள்ள வா. இலையப் போடச் சொல்லுதேன்."

"வயிறு சரியில்ல மாமா. நீங்க சாப்பிடுங்க."

"ஊரான் வண்டிக்குக் காத்து பாக்கான், கறிச்சோறு வேண்டாங்கான்." மாமன் கையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். "யாருலே போனது?"

இந்தப் பேர் வந்துவிட்டதால் அவரால் எந்த வீட்டுக்கும் சும்மா போக முடியாமல் ஆயிற்று. அவர் தெருமுனையில் தலை காட்டினாலே பெண்கள் நெஞ்சில் கை வைப்பார்கள். பானுவின் கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போனபோது, பத்திரிகையைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டிக்கொண்டு, "நல்ல சேதிதான்! நல்ல சேதிதான்!" என்று கத்திக்கொண்டே ஒவ்வொரு தெருவிலும் நுழைந்தார்.

ஒரே ஒரு விஷயத்தில் அவர் விட்டுக்கொடுத்ததில்லை. சுவர்த் தகராறு, கொடுக்கல் வாங்கல் தகராறு என்று முகம் பார்க்காத வீடுகளுக்கும் போய்ச் சொல்லிவிடுவார். துட்டி சொல்லாத வீடு உறவு அறுந்த வீடு. ஒரு வீட்டை வேண்டுமென்றே விட்டுவிட்டால், அதற்குப் பிறகு ஒட்டவைக்க வழி கிடையாது.

மூன்று வருடங்களுக்கு முன்னால் அவருக்குச் சிறுநீரில் ரத்தம் வந்தது. வலி இல்லை. இடது சிறுநீரகத்தில் கட்டி. திருநெல்வேலியில் ஒரு ஆஸ்பத்திரியில் சிறுநீரகத்தோடு சேர்த்து எடுத்தார்கள். வேறு எங்கும் பரவவில்லை என்றார்கள்.

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு ஆய்வு நடந்துகொண்டிருந்தது. வெட்டி எடுத்த கட்டியில் ஒரு துண்டை மெழுகில் பதித்து, முடியைவிட மெல்லிதாகச் சீவி, சாயம் ஏற்றி, சில புரதங்கள் அதில் எவ்வளவு இருக்கின்றன என்று பார்ப்பார்கள். ஒரு புரதம் செல்கள் எவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன என்று காட்டும். இன்னொன்று சாக வேண்டிய செல்லைச் சாகவிடாமல் காக்கும். மூன்றாவது, கட்டியை உடம்பின் காவலிடமிருந்து மறைத்து வைக்கும். மூன்றையும் சேர்த்து ஒரு மதிப்பெண். அது குறைவாக இருந்தால் புற்று திரும்பி வரும் வாய்ப்புக் குறைவு, கூடினால் அதிகம். இந்தக் கணிப்பு எவ்வளவு தூரம் சரி என்று தெரிய, அறுவை முடிந்தவர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்க்க வேண்டும்.

பானு அனல்மின் நிலையத்தில் கருவிப் பொறியாளர். அழுத்தமும் வெப்பமும் காட்டும் கருவிகள் உண்மை சொல்கின்றனவா என்று சோதிப்பதுதான் அவள் வேலை. டாக்டர் விளக்கியது அவளுக்கு உடனே பிடிபட்டது. சங்கரபாண்டியன் வேறு இடத்திலிருந்து கேட்டார்.

"என்னால உங்களுக்கு என்ன ஆகணும்?"

"வைத்தியத்துல எதுவும் மாறாது ஐயா. நீங்க அப்பப்ப வந்து முகத்தைக் காட்டணும். அவ்வளவுதான்."

"நேர்ல வரணும். அவ்வளவுதான? அது நமக்குத் தெரிஞ்ச சோலிதான்," என்று ஒத்துக்கொண்டார்.

ஆய்வில் சேர்ந்தவர்களைத் தொடர்ந்து விசாரிக்கும் வேலை ஞானதீபம் என்ற பெண்ணுடையது. சாயர்புரத்துக்காரி. முதல் நாளே அவளிடம் அவர் கேட்டார்: "என் கட்டி இப்ப எங்கனம்மா இருக்கு?"

"மெழுகுல பதிச்சு வச்சிருக்கோம் அண்ணாச்சி."

"உருகிராதா? இந்த வெயிலுக்கு?"

"ஏசி ரூம் அண்ணாச்சி."

"நல்ல கதையா இருக்கே. அது ஏசியில இருக்கு, நான் வெயில்ல கிடக்கேன்."

சில மாதங்களில் மதிப்பெண் வந்தது. டாக்டர் சொல்லத் தயங்கினார். பானுவின் அம்மா முருகேஸ்வரி விடவில்லை. "கம்மிதாம்மா," என்றார் அவர். "கம்மின்னா வரவே வராதுன்னு அர்த்தம் இல்ல, புரியுதா?" முதல் சொல் மட்டும்தான் முருகேஸ்வரியின் காதில் விழுந்தது. அந்த வாரமே திருச்செந்தூரில் முடி இறக்கினாள். தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம், "பெரிய டாக்டரே கம்மின்னு வாக்குக் குடுத்துட்டாரு," என்று சொன்னாள். வாக்கு என்ற சொல்லை அவளாகச் சேர்த்துக்கொண்டாள்.

அவர் தவணை தவறாமல் போனார். துணைக்கு யாரையும் வரவிட மாட்டார். பஸ் ஏறும் முன் பேக்கரியில் முந்திரி மக்ரூன் வாங்கிக்கொள்வார். ஞானதீபத்துக்கும் ரத்தம் எடுக்கிறவருக்கும் வாசலில் நிற்கிற காவலாளிக்கும் ஒவ்வொரு பொட்டலம். உறவு வீட்டுக்கு நல்ல சேதியோடு போகிற வாய்ப்பு அவருக்கு அங்கேதான் கிடைத்தது என்று பானுவுக்குத் தோன்றும்.

புரட்டாசியில் கடைசியாகப் போய்வந்தார். எல்லாம் சரி என்றார்கள். ஐப்பசியில் அந்த இருமல். கார்த்திகையில் மூச்சு வாங்கியது. மழை என்பதால் சளி என்று ஊசி போட்டுக்கொண்டார். ஒரு காலையில் கடையில் நின்று ரப்பர் பசை தடவிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். தூத்துக்குடியிலேயே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நெஞ்சில் நீர் கோத்திருந்தது. நீரில் புற்றுச் செல்கள். தலையிலும் இருந்தது.

"பழசுதான் திரும்பியிருக்கு," என்றார் அங்கிருந்த டாக்டர்.

"அவருக்கு அந்த ஆய்வுல மதிப்பெண் குறைவா இருந்துச்சு சார்."

"குறைவா இருக்கறவங்கள்லயும் கொஞ்சப் பேருக்கு வரத்தானம்மா செய்யும்."

பானுவுக்கு அது தெரியும். தெரிந்ததால் எதுவும் குறையவில்லை. சில நாட்களில் அவருக்குப் பேச்சு போயிற்று. மார்கழியில், கோயில் ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருந்த ஒரு காலையில் இறந்தார்.

அவருக்குத் துட்டி சொல்ல ஆள் இல்லை. சித்தப்பா மகன் செந்தூர்வேல் பைக்கை எடுத்துக்கொண்டு வந்து நின்றான். எந்தெந்த வீடுகளுக்கு நேரில் போக வேண்டும், எவர்களுக்குப் போன் போதும் என்று அவனுக்குத் தெரியவில்லை. முருகேஸ்வரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி ஒவ்வொரு வீடாகச் சொன்னாள். அழுகைக்கு நடுவிலும் வரிசை பிசகவில்லை. சுவர்த் தகராறு வீட்டையும் சொன்னாள்.

கடைசியில் செந்தூர்வேல் கேட்டான். "பெரியம்ம, திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்கு? அந்தப் பொண்ணு அண்ணாச்சி அண்ணாச்சின்னு உசுரால்லா இருக்கும்."

முருகேஸ்வரி கண்ணைத் துடைத்தாள். "அந்த வீட்டுக்குச் சொல்லாத," என்றாள்.

சொல்லவில்லை. பதினாறாம் நாள் விசேஷம் முடிந்தது. கடையைப் பாதி நாள் திறந்தார்கள். அவருடைய போனுக்கு முருகேஸ்வரி தினமும் சார்ஜ் ஏற்றினாள்.

தையில் ஒரு நாள் மத்தியானம் அந்தப் போன் அடித்தது. அப்பா போனதிலிருந்து அம்மாவோடு தங்கியிருந்த பானு அடுக்களையில் இருந்தாள். அம்மாவின் குரல் கேட்டது.

"ஆமா, சங்கரபாண்டியன் வீடுதான்... யாரு, ஞானதீபமா?... இருக்காவ... நல்லா இருக்காவ. கடைக்குப் போயிருக்காவ... இல்ல, ஒரு தொந்தரவும் இல்ல... சரி, சொல்லுதேன்."

பானு கரண்டியோடு வெளியே வந்தாள். "என்னம்மா சொன்ன?"

"பின்ன? போன்லயா சொல்ல? உங்கப்பா போன்ல சொல்லுவாவளா?"

"சொல்லாட்டிப் போ. நல்லா இருக்காவன்னு ஏன் சொன்ன?"

முருகேஸ்வரி போனைச் சேலைத் தலைப்பால் துடைத்து மறுபடியும் சார்ஜில் போட்டாள். அப்புறம் சொன்னாள். "அங்கயாவது இருக்கட்டும்ளா."

பானு அடுப்பை அணைத்தாள். அன்று வேலைக்குப் போனபோது அந்தச் சொல் கூடவே வந்தது. திருநெல்வேலியில் ஒரு கணினியில் அப்பா உயிரோடு இருந்தார். நோய் இல்லை. கடைக்குப் போயிருந்தார். அதை அழிக்காமல் விட்டால் என்ன என்று அவளுக்கும் தோன்றத்தான் செய்தது. யாருக்கு நஷ்டம்?

ஆனால் அவள் வேலை அவளை விடவில்லை. கொதிகலன் வெடிக்கும்போது குறைவான அழுத்தம் காட்டிக்கொண்டிருந்த கருவியை யாரும் குறித்து வைக்காவிட்டால், அது அதே சுவரில் தொங்கும். அடுத்த ஷிப்டுக்காரன் அதை நம்புவான். அப்பாவின் மதிப்பெண் குறைவு. அப்பா இறந்துவிட்டார். குறைவு என்று சொல்லப்பட்டும் இறந்தவர்களைத்தான் அந்த ஆய்வு முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அவர்கள் எல்லாரும் கடைக்குப் போயிருக்கிறார்கள் என்று பதிவானால், அந்த எண் உண்மையைவிடப் பெரிய வாக்காகிவிடும். இன்னொரு வீட்டில் இன்னொருத்தி "கம்மிதாம்மா" என்று கேட்டுவிட்டு முடி இறக்கப் போவாள்.

இதை அவள் அம்மாவிடம் சொன்னாள். சுருக்கமாகத்தான் சொன்னாள். அவளுக்கு நீட்டிச் சொல்ல வராது.

"அப்ப, உங்கப்பா செத்தாத்தான் அவியளுக்குக் கணக்கு நேராகுமா?"

"செத்துட்டாங்கம்மா."

"எனக்குத் தெரியாதா?" முருகேஸ்வரி கத்தினாள். "குளிப்பாட்டுனது நானா நீயா? எனக்குத் தெரியாதாளா? பொய் சொன்னவியளுக்கு எதுக்குத் துட்டி சொல்லணும்?"

"பொய் சொல்லலம்மா. தப்பாப் போச்சு."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

அதன் பிறகு அந்தப் பேச்சு இல்லை. அம்மா சோறு போட்டாள், சாப்பிட்டார்கள். கடையிலிருந்து வந்த பழைய பாய் ஒன்றை மொட்டை மாடியில் வடகத்துக்கு விரித்தாள். பானு நாளைக் கடத்தினாள். அம்மாவை மீறிப் போய்ச் சொல்லலாம், ஒரு போன் போதும். எண் தெரியும். இரண்டு முறை எடுத்து வைத்தாள். அப்பா போகும் வீடுகளுக்கு அவர் எப்படிப் போனார் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அதுதான் தடுத்தது.

ஒரு வெள்ளிக்கிழமை விளக்கேற்றிவிட்டு வந்த முருகேஸ்வரி, அவள் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"அந்தப் பிள்ள மேல என்ன தப்பு இருக்கு. போறதா இருந்தா நேர்ல போ."

"சரிம்மா."

"வெறுங்கையோட போ. உங்கப்பா மாதிரி மக்ரூனக் கட்டிட்டுப் போயிராத."

"சரி."

"அங்கன தண்ணி குடிக்காத."

பஸ்ஸில் பானு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வாகைக்குளம் தாண்டும்வரை என்ன சொல்வது என்று வாக்கியம் அமைத்துப் பார்த்தாள். அப்பா எப்படித் தொடங்குவார் என்று கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அவர் சொல்லும் முறைகளெல்லாம் வீட்டில் பேசப்பட்டவை. சொல்லும் சொல் மட்டும் அந்தந்த வீட்டுக்குள் நின்றுபோயிற்று.

ஞானதீபம் அவளைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்தாள். "வாங்கக்கா! அண்ணாச்சி வரலையா? போன வாரம்கூட அம்மா பேசுனாங்களே." பேசிக்கொண்டே அவளுடைய கைகளைப் பார்த்தாள். இரண்டும் காலியாக இருந்தன. பிறகு முகத்தைப் பார்த்தாள். தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். பானு வாங்கவில்லை.

"நீங்க உக்காருங்க," என்றாள் பானு.

ஞானதீபம் உட்காரவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டாள். "உக்காரச் சொல்லாதீங்கக்கா," என்றாள். அவளும் அந்தப் பக்கத்துக்காரிதான்.

"அப்பா தவறிட்டாங்க. மார்கழியில. நுரையீரலுக்கு வந்துருந்துச்சு, தலைக்கும். அம்மா போன்ல சொல்லக் கூடாதுன்னுதான் அப்படிச் சொன்னாங்க."

அந்த அறையில் இரண்டு பேர் ரத்தம் கொடுக்க உட்கார்ந்திருந்தார்கள். ஞானதீபம் அவர்களுக்கு முதுகைக் காட்டி நின்று அழுதாள். கைக்குட்டையை மடித்து வைத்துவிட்டுக் கணினி முன்னால் வந்து உட்கார்ந்தாள். தேதி கேட்டாள். எந்த ஆஸ்பத்திரி, என்ன பரிசோதனை, எங்கெங்கே பரவியிருந்தது என்று கேட்டாள். பானு கொண்டுவந்திருந்த ஸ்கேன் அறிக்கையைக் கொடுத்தாள். "உயிருடன்" என்று இருந்த இடத்தில் ஞானதீபம் சொல்லை மாற்றினாள். திரை ஒரு முறை மங்கி, உறுதிதானா என்று கேட்டது. ஞானதீபம் பானுவைப் பார்த்தாள். பானு தலையசைத்தாள்.

"யாரும் வந்து சொல்ல மாட்டாங்கக்கா," என்றாள் ஞானதீபம். "நம்பர மாத்திருவாங்க. இல்லன்னா எங்க மேல கோவத்துல எடுக்கவே மாட்டாங்க. அதுலயும் கம்மின்னு வந்தவங்க வீட்டுல ரொம்பக் கோவம் இருக்கும்."

"எங்கம்மாவுக்கும் இருக்கு."

"இருக்கத்தானக்கா செய்யும்."

ரத்தம் கொடுக்க வந்தவரில் ஒருவர் நேரமாகிறது என்றார். ஞானதீபம் அவரை அனுப்பிவிட்டுத் திரும்பி வந்தாள். பானு எழுந்துவிட்டாள். ஞானதீபம் கொஞ்சம் தயங்கிக் கேட்டாள்.

"அண்ணாச்சி கொற்கைக்குப் போனாங்களாக்கா? வீட்டுல ஏதும் சொன்னாங்களா?"

பானுவுக்கு ஒன்றும் தெரியவில்லை. கொற்கையில் அவர்களுக்கு யாரும் கிடையாது.

மாசானம் என்று ஒருவர், என்றாள் ஞானதீபம். கொற்கையில் வாழை போட்டிருப்பவர். அப்பாவுக்கு அறுவை செய்த அதே மாதம் அவருக்கும் செய்தார்கள். அவருக்கு மதிப்பெண் அதிகம். முதல் வருடம் வந்தார், அப்புறம் வரவில்லை. போன் அணைந்து கிடக்கிறது. கடிதம் திரும்பி வந்துவிட்டது. புரட்டாசியில் வந்த சங்கரபாண்டியன், இவள் யாரோடோ அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு, தேடிப் பார்க்கிற வேலையைத் தானாகவே ஏற்றுக்கொண்டாராம்.

"'கொற்கதான? ஏரல்ல இறங்கி, வன்னிமரத்துப் பக்கம் போயிக் கேட்டா யாருன்னாலும் சொல்லிருவான். தீபாவளி கழியட்டும், நான் நேர்ல போயிப் பாத்துட்டு வந்து சொல்லுதேன். இருந்தாக் கையோட கூட்டியாரேன். இல்லன்னா அதையும் வந்து சொல்லுதேன்'னாங்க. நான் வேண்டாம்னுதான் சொன்னேன், நீங்க எதுக்கு அண்ணாச்சி அலையணும்னு. 'இதெல்லாம் ஒரு அலைச்சலா'ன்னாங்க."

"தீபாவளி கழிஞ்சு அப்பா வெளியூருக்கே போகல," என்றாள் பானு.

"சரிக்கா." ஞானதீபம் திரையில் மாசானத்தின் பெயர் இருந்த இடத்துக்குப் போனாள். பக்கத்தில், உயிருடன் என்றோ இறந்தார் என்றோ எதுவும் இல்லை. "அவருக்கு என்னன்னு இன்னும் தெரியல."